தேனீ ஈக்களை அடையாளம் கண்டு வகைப்படுத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றபடி, ஊசிபோல் நீண்ட குழலை உள்ளே விட்டுத் தேன் குடிக்கும் புசுபுசுவென்ற சிறு பூச்சி ஒன்றைப் பார்த்தால், பெரும்பாலானோர் அதைத் தேனீ என்றே நினைத்துக் கடந்துவிடுவார்கள். அது தேனீ அல்ல, தேனீ ஈ எனப்படும் ஒருவகை ஈ. பாம்பிலிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்தில் சுமார் 5,000 இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. பேரினங்கள் மட்டுமே 200க்கு மேல். சில மில்லிமீட்டர் நீளமே உள்ளவை முதல், சிறகை விரித்தால் 4 சென்டிமீட்டரைத் தாண்டுபவை வரை இதில் அடக்கம்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களின் கண் முதலில் ரோமத்துக்கும் நிறத்துக்கும்தான் போகும். அங்கேதான் குழப்பமும் தொடங்குகிறது. தேனீ ஈயின் ரோமமும் செதிலும் எளிதில் உதிரக்கூடியவை. கூட்டிலிருந்து வெளிவந்த அன்று தங்க நிறத்தில் மின்னும் ஈ, சில வாரங்கள் பறந்தபின் முதுகு தேய்ந்து கறுத்துப்போயிருக்கும். ஒரே இனத்தின் இரண்டு ஈக்கள் வேறு வேறு இனம்போலத் தெரியும். உதிராதவை இரண்டு: சிறகு நரம்புகளின் அமைப்பும் தலையின் வடிவமும். இந்த வழிகாட்டி முழுவதும் அவற்றையே பிடித்துக்கொண்டு போகிறது.

படி 1: ஈதானா என்று உறுதிசெய்யுங்கள்

தேனீக்கும் குளவிக்கும் இரண்டு ஜோடி சிறகுகள். ஈக்கு ஒரே ஒரு ஜோடி. பின்சிறகு இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோன்ற ஒரு சிறு குமிழ் இருபுறமும் இருக்கும். பறக்கும்போது உடலின் திருப்பத்தை உணர்ந்து சமநிலையைக் காப்பது இதுதான். அடர்ந்த ரோமத்துக்குள் இந்தக் குமிழ் மறைந்துவிடலாம். அப்போது உணர்கொம்பைப் பாருங்கள். தேனீயின் உணர்கொம்பு நீளமாக, நடுவில் முழங்கைபோல மடங்கி, பல கணுக்களோடு இருக்கும். தேனீ ஈயின் உணர்கொம்பு மூன்று பகுதிகளும் நுனியில் ஒரு சிறு முள்ளும் கொண்ட குட்டையான அமைப்பு. கால்களும் உதவும். பெரும்பாலான பெண் தேனீக்களின் பின்காலில் மகரந்தம் சேர்க்கும் அடர்ந்த மயிரோ கூடையோ இருக்கும். தேனீ ஈயின் கால்கள் மெலிந்து, குச்சிபோல, உடலுக்குப் பொருத்தமில்லாத அளவு ஒல்லியாக இருக்கும்.

பயப்படவும் வேண்டாம். இந்த ஈக்கு கொடுக்கு கிடையாது, கடிக்கவும் கடிக்காது. அந்த நீண்ட குழல் தேனுக்கு மட்டுமே.

படி 2: மற்ற ஈக்களிலிருந்து பிரியுங்கள்

தேனீயைப் போலத் தோற்றம் காட்டும் ஈக்குடும்பங்கள் பல. அதிகம் குழப்புவது சிர்ஃபிடே. அவையும் அந்தரத்தில் நிற்கும், அவையும் பூவுக்கு வரும். ஆனால் சிர்ஃபிட் ஈயின் சிறகு நடுவில், எந்த நரம்போடும் சரியாகச் சேராமல் ஓடும் ஒரு பொய் நரம்பு உண்டு. சிறகின் வெளி விளிம்புக்கு இணையாக நரம்புகள் வளைந்து உள்விளிம்பு போன்ற ஒரு கோட்டையும் போட்டிருக்கும். தேனீ ஈயில் இவை இரண்டும் இல்லை.

அசிலிடே எனப்படும் வேட்டை ஈக்கள் இரண்டாவது. அவற்றின் தலையை முன்னாலிருந்து பார்த்தால், இரு கண்களுக்கும் நடுவே உச்சி பள்ளமாக இறங்கியிருக்கும், முகத்தில் தாடிபோல மயிர்க்கற்றை இருக்கும். தேனீ ஈயின் உச்சியில் அந்தப் பள்ளம் கிடையாது. நெமஸ்ட்ரினிடே குடும்பத்திலும் நீண்ட குழலோடு பூவில் நிற்கும் ஈக்கள் உண்டு. அவற்றின் சிறகில் நரம்புகள் ஒன்றோடொன்று சாய்ந்து சேர்ந்து ஒரு மூலைவிட்டக் கோட்டை உண்டாக்கும், காலின் நுனியில் மூன்று மெத்தைகள் இருக்கும். தேனீ ஈயின் கால் நுனியில் இரண்டு மெத்தைகள் இருக்கும், சில பேரினங்களில் அவையும் இருக்காது. குழல் சுருண்டு விரிந்தால் அது ஈயே அல்ல, பகலில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சி. தேனீ ஈயின் குழல் சுருளாது. பாம்பிலியஸ் பேரினத்தில் அது எப்போதும் முன்னால் நீட்டியபடியே இருக்கும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட குழல் இருந்தால்தான் தேனீ ஈ என்று நினைத்துவிடாதீர்கள். குடும்பத்தின் பெரும்பகுதிக்குக் குழல் குட்டைதான். ரோமமே இல்லாத, குளவிபோல ஒல்லியான உறுப்பினர்களும் உண்டு.

படி 3: உட்காரும் விதத்தைக் கவனியுங்கள்

லென்ஸை எடுக்கும் முன், ஈ உட்காரட்டும், காத்திருங்கள். சிறகை இருபுறமும் விரித்து, வெயிலில் காய்ந்த வெறும் மண்ணிலோ பாறையிலோ உட்கார்ந்தால், அது ஆந்த்ரசினே துணைக்குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். பாம்பிலினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவையும் சிறகை விரித்தே வைக்கும். அவை உருண்டையாக, ரோமம் மிகுந்து இருக்கும். சிறகை முதுகின்மேல் மடித்துவைத்து, கூன் விழுந்த உருவத்தோடு உட்காரும் சிறு ஈக்கள் டாக்ஸஃபோரினேயின் ஜெரான், டாக்ஸஃபோரா போன்றவையாக இருக்கலாம். உசினே, ஃப்திரினே துணைக்குடும்பங்களின் சிறு ஈக்களும் சிறகை மடித்தே உட்காரும்.

இது முடிவான சான்று அல்ல. எந்தப் பக்கம் தேடவேண்டும் என்று திசைகாட்டும், அவ்வளவே.

படி 4: தலையின் பின்புறம்

பெரும்பாலானோர் தலையை முன்னாலிருந்தே படமெடுக்கிறார்கள். வகைப்பாட்டுக்குத் தேவையானது பக்கவாட்டுத் தோற்றமும் பின்புறமும்.

இத்தாலிய ஈ ஆய்வாளர் மாரியோ பெட்ஸி இந்தக் குடும்பத்தை இரண்டு பெரும் பிரிவாகப் பார்த்தார். ஒன்றில் தலையின் பின்புறம் தட்டையாகவோ லேசாகப் புடைத்தோ இருக்கும், கண்ணின் பின்விளிம்பு வெட்டில்லாமல் ஓடும். பாம்பிலியஸ் இந்த வகை. மற்றதில் தலையின் பின்புறம் கிண்ணம்போல ஆழமாகக் குழிந்திருக்கும், கண்ணின் பின்விளிம்பு நடுவில் உள்நோக்கி வெட்டுப்பட்டதுபோல வளையும். ஆந்த்ரசினேயும் லொமடினேயும் இந்த வகை. பின்னால் வந்த ஆய்வுகள் முதல் பிரிவை ஒரே கிளையாக ஏற்றுக்கொள்ளவில்லை. எஞ்சியவற்றையெல்லாம் போட்டுவைத்த கூடையாகத்தான் அது இருந்தது. ஆனாலும் களத்தில் கையில் ஒரு ஈயை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு, இந்தக் கண் வெட்டு இன்றும் மிகப் பயனுள்ள அடையாளம். அது தெரிந்தால் பாதிக் குடும்பத்தை ஒதுக்கிவிடலாம்.

தலையைப் பார்க்கும்போதே ஆணா பெண்ணா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பல இனங்களில் ஆணின் கூட்டுக்கண்கள் உச்சியில் ஒன்றையொன்று தொடும். பெண்ணுக்கு நடுவில் இடைவெளி இருக்கும்.

படி 5: சிறகு நரம்புகள்

முழு வழிகாட்டியிலும் அதிக நேரம் செலவிடவேண்டிய இடம் இதுதான். பழகியபின் ஒரு தெளிவான சிறகுப் படத்தை வைத்தே பேரினம் வரை போய்விடலாம்.

சிறகை முன்விளிம்பு மேலே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பகுதியிலிருந்து கிளம்பும் ஆரை நரம்பைத் தேடுங்கள். அதன் ஒரு கிளை பிரிந்து மறுபடி இரண்டாகும். மேல் கிளைக்கு ஆர்2+3 என்றும், கீழ்க் கிளைக்கு ஆர்4+5 என்றும் பெயர். கீழ்க் கிளை சிறகின் நுனியை நெருங்கும்போது கவட்டைபோல ஆர்4, ஆர்5 என்று பிரியும். ஆரை நரம்பையும் அதற்குக் கீழுள்ள நடு நரம்பையும் இணைக்கும் ஒரு சிறிய குறுக்கு நரம்பும் இருக்கும். அதற்குக் கீழே, சிறகின் மையத்தில், நான்கு பக்கமும் நரம்பால் அடைபட்ட நடு அறை தெரியும்.

முதல் கேள்வி: ஆர்2+3 எங்கே, எப்படிக் கிளம்புகிறது? குறுக்கு நரம்புக்கு வெகு முன்னதாகவே, குறுங்கோணத்தில், மெல்லச் சாய்ந்து பிரிந்தால் பாம்பிலினே போன்ற துணைக்குடும்பங்கள். குறுக்கு நரம்புக்கு நேராகவோ மிக அருகிலோ, திடீரென்று ஏறத்தாழ செங்கோணத்தில் எழும்பிப் பிறகு வளைந்து ஓடினால் ஆந்த்ரசினே. ரோமம் முழுக்க உதிர்ந்த, நிறம் வெளிறிய, நூறாண்டுப் பழைய அருங்காட்சியக மாதிரியிலும் இந்தக் கோணம் மாறாமல் இருக்கும்.

இரண்டாவது கேள்வி ஆந்த்ரசினேக்குள் போனவர்களுக்கு. ஆர்2+3க்கும் ஆர்5க்கும் இடையில் உள்ள பகுதியில் எத்தனை அறைகள்? ஆர்4 நரம்பு அந்த இடத்தை இயல்பாகவே இரண்டாகப் பிரிக்கும். அந்த இரண்டு மட்டும் இருந்தால் வில்லா, ஹெமிபெந்தீஸ், ஆந்த்ராக்ஸ் போன்ற பேரினங்கள். ஆர்2+3ஐயும் ஆர்4ஐயும் இணைக்கும் கூடுதல் குறுக்கு நரம்பு இருந்தால் அறை மூன்றாகும். அது எக்சோப்ரோசோபாவின் பக்கம். நான்கு அறைகள் இருந்து, ஈ பெரிதாக, சிறகு கருத்திருந்தால் லிகைரா. பாம்பிலியஸில் பார்க்கவேண்டியது வேறு. சிறகின் நுனிக்கருகே ஆர்5க்குக் கீழுள்ள அறை, விளிம்பை எட்டும் முன்பே மூடிக்கொண்டு ஒரு சிறு காம்பாக முடியும்.

சிறகின் கறுப்பு வடிவத்துக்கு மூன்றாவது இடம்தான் தருவேன். ஹெமிபெந்தீஸின் சிறகு அடிப்பாதி கறுத்தும் நுனிப்பாதி தெளிந்தும் இருப்பது நல்ல அடையாளமே. ஆனால் அதே போன்ற வடிவம் தொடர்பில்லாத பேரினங்களிலும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. நரம்பைப் பார்த்தபின் கறை வடிவத்தைப் பாருங்கள், முன்னதாக அல்ல.

படி 6: துணைக்குடும்பமும் பேரினமும்

இப்போது கையில் மூன்று தகவல்கள் இருக்கும்: உட்காரும் விதம், கண்ணின் பின்விளிம்பு, சிறகு நரம்பு. இவற்றைச் சேர்த்தால் பெரும்பாலான ஈக்கள் தானே இடம்பிடித்துக்கொள்ளும்.

உருண்டை உடல், அடர்ந்த ரோமம், நீட்டிய குழல், வெட்டில்லாத கண் என்றால் பாம்பிலினே. தட்டையான அகன்ற வயிறு, விரித்த சிறகு, வெட்டுப்பட்ட கண், செங்கோணத்தில் எழும் நரம்பு என்றால் ஆந்த்ரசினே. இனங்களின் எண்ணிக்கையில் மிகப் பெரிய துணைக்குடும்பமும் இதுவே. ஆந்த்ராக்ஸ் பேரினத்தை உறுதிசெய்ய உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள். அங்கே தூரிகைபோல ஒரு மயிர் வளையம் இருக்கும்.

சிஸ்ட்ரோபஸ் பேரினத்தை முதல்முறை பார்ப்பவர் யாருமே அதை இந்தக் குடும்பத்தில் வைக்கமாட்டார். ரோமம் இல்லை. இடுப்பு நூல்போல மெலிந்து, வயிறு நுனியில் தடித்து, பின்கால்கள் நீண்டு தொங்க, பறக்கும்போது அசல் குளவி. சிறகு ஒரு ஜோடிதான் என்பதும், குளவிக்கு இல்லாத அந்தச் சமநிலைக் குமிழுமே அதைக் காட்டிக்கொடுக்கும். டாக்ஸஃபோரினேயில் வைக்கப்படும் இது, ஒரு குடும்பத்தைத் தோற்றத்தால் வரையறுக்கக்கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

படி 7: இனம் வரை போகலாமா?

லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட பாம்பிலியஸ் மேஜர் ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா என்று பரவியிருக்கும் இனம். சிறகின் முன்பாதி கரும்பழுப்பு, பின்பாதி தெளிவு, இரண்டுக்கும் நடுவே வளைந்து நெளிந்த கூர்மையான எல்லைக்கோடு. நல்ல படம் ஒன்று போதும். ஐரோப்பாவின் பாம்பிலியஸ் டிஸ்கலர் இனத்துக்குச் சிறகில் தனித்தனிக் கரும்புள்ளிகள் இருக்கும். அதுவும் எளிதுதான். ஆனால் பாம்பிலியஸ் மைனர், பாம்பிலியஸ் கேனசென்ஸ் இரண்டுக்கும் சிறகு தெளிவாக, கறையின்றி இருக்கும். அங்கே காலின் நிறமும் முகத்தைச் சுற்றிய மயிர்களின் நிறமும் தெரிந்தாகவேண்டும்.

வில்லா போன்ற பேரினங்களில் நிலைமை இன்னும் கடினம். பல இனங்களை ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்துதான் பிரிக்கமுடியும். எந்தப் படமும் அதைக் காட்டாது. அங்கே பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே சரியான அடையாளம். "வில்லா, இனம் தெரியவில்லை" என்று எழுதிய பதிவு ஆய்வாளருக்குப் பயன்படும். ஊகித்து எழுதிய இனப் பெயர் பரவல் வரைபடத்தைக் கெடுக்கும், பிறகு அதைத் திருத்தப் பல ஆண்டுகள் ஆகும்.

படி 8: வாழ்க்கை முறையையும் சேர்த்துப் படியுங்கள்

வளர்ந்த ஈ தேனும் மகரந்தமும் உண்ணும். அதன் புழு பெரும்பாலும் வேறொரு பூச்சியின் குஞ்சை வெளியிலிருந்து உறிஞ்சிக் கொன்று வளரும். எந்தப் பூச்சி என்பது பேரினத்தைப் பொறுத்து மாறுவதால், ஈயைப் பார்த்த இடமே ஒரு தடயம்.

பாம்பிலியஸ் பெரும்பாலும் மண்ணில் வளை தோண்டித் தனித்து வாழும் ஆண்ட்ரினா, கொலீட்டஸ் போன்ற தேனீக்களைச் சார்ந்தது. முட்டையிடும் காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். பெண் ஈ முதலில் தளர்ந்த புழுதியில் வயிற்றின் நுனியை அழுத்தி, சிலிர்ப்பதுபோல உடலை அதிரவைக்கும். வயிற்றின் நுனியில் ஓர் அறை இருக்கிறது, அதில் மணல் நிரம்பும். முட்டைகள் அந்த மணல் பூசப்பட்டு வெளியே வரும். பிறகு அது வளை வாயின்முன் அந்தரத்தில் நின்று, வயிற்றைச் சட்டென்று முன்னோக்கிச் சொடுக்கும். ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு முட்டை வளைக்குள்ளோ அதன் வாயருகிலோ விழும். இந்த மணல் அறை எல்லாத் துணைக்குடும்பங்களிலும் இல்லை. பாம்பிலினேயிலும் ஆந்த்ரசினேயிலும் உண்டு, உசினேயில் இல்லை. எனவே வகைப்பாட்டில் இதற்கு எடை அதிகம்.

முட்டையிலிருந்து வரும் முதல் பருவப் புழு மெலிந்து, துறுதுறுவென்று நகரும். அதுவே ஊர்ந்துபோய்த் தேனீக் குஞ்சு இருக்கும் அறையைக் கண்டுபிடிக்கும். குஞ்சு கொழுக்கும்வரை காத்திருந்து, பிறகு தோலுரித்து, அசைவு குறைந்த தடித்த புழுவாக மாறி உறிஞ்சத் தொடங்கும். ஒரே பூச்சியின் புழுப்பருவத்துக்குள்ளேயே இப்படி இரு வேறு உருவங்கள். கூட்டுப்புழுவின் தலையில் வலிய முட்களும் வயிற்றில் கொக்கிகளும் இருக்கும். அவற்றால் மண்ணையோ களிமண் சுவரையோ துளைத்து வெளியே வந்தபின்தான் ஈ பிறக்கும். குளவி மண்கூட்டில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், முட்கள் உள்ள வெற்றுத் தோலைப் பார்த்தால் பத்திரப்படுத்துங்கள். அந்த முட்களின் அமைப்பிலிருந்தும் பேரினத்தை நெருங்கமுடியும்.

மற்றவற்றின் இரை பலவிதம். ஆந்த்ராக்ஸ் தேனீக்களின் கூடுகளையும் குளவிகளின் மண்கூடுகளையும் தேடும். டாக்ஸஃபோரா மண்பானை போலக் கூடுகட்டும் குளவிகளைச் சார்ந்தது. ஜெரான் அந்துப்பூச்சிப் புழுக்களைச் சார்ந்தது, சிஸ்ட்ரோபஸ் புழுக்கள் நத்தைபோல ஊரும் லிமகோடிடே அந்துப்பூச்சிகளின் கூடுகளுக்குள் வளரும். சிஸ்டீகஸின் புழு வெட்டுக்கிளிகள் மண்ணில் இடும் முட்டைத் தொகுதிகளைத் தின்னும், அந்த வகையில் உழவருக்கு நண்பன். அமெரிக்க மேற்குப் பகுதிகளில் ஹெட்டிரோஸ்டைலம் ரொபஸ்டம் அதற்கு நேர் எதிர். குதிரைமசாலில் மகரந்தச் சேர்க்கைக்காக வளர்க்கப்படும் நோமியா தேனீக்களை அது அழிக்கிறது. ஹெமிபெந்தீஸ் இன்னும் ஒருபடி மேலே போய், புழுக்களுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒட்டுண்ணி ஈக்களையும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் தன் இரையாக்கும். ஆப்பிரிக்காவில் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயின் கூட்டுப்புழுவில் வளரும் தேனீ ஈக்களும் உண்டு.

பூக்களோடு உள்ள உறவும் ஆழமானது. தென்னாப்பிரிக்காவின் கோர்டீரியா டிஃபியூசா என்ற செடியின் இதழில், மெகபால்பஸ் என்ற சிறு கறுப்புத் தேனீ ஈ உட்கார்ந்திருப்பதுபோலவே கரும்புள்ளிகள் இருக்கும். ஆண் ஈ அதைப் பெண் என்று நம்பி இறங்கி, மகரந்தத்தைச் சுமந்துபோகும்.

படி 9: பெயர்கள் மாறுவதைப் புரிந்துகொள்ளுங்கள்

பழைய நூலையும் புதிய பட்டியலையும் ஒப்பிட்டால் பெயர்கள் பொருந்தாமல் போகும். பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லாட்ரேல் 1802இல் குடும்பமாக வரையறுத்ததிலிருந்து எல்லைகள் பலமுறை நகர்ந்திருக்கின்றன. முன்பு இதற்குள் இருந்த மிகச் சிறிய, கூன்முதுகு ஈக்கள் இப்போது மித்திகோமையிடே என்ற தனிக் குடும்பம். தச்சுத் தேனீக்களைத் தாக்கும் பெரிய ஈ ஆந்த்ராக்ஸ் டைக்ரினஸ் என்று அறியப்பட்டது, இன்று ஜெனாக்ஸ் டைக்ரினஸ். நீல் எவன்ஹூயிஸும் டேவிட் கிரேட்ஹெட்டும் 1999இல் வெளியிட்ட உலகப் பட்டியலே இன்றும் பெயர் சரிபார்க்க முதலில் போகவேண்டிய இடம். அதற்குப்பின் வந்த மரபணு ஆய்வுகள் ஆந்த்ரசினேயை உறுதியான ஒரே கிளையாகக் காட்டுகின்றன. பாம்பிலினேயோ பல கிளைகளின் கலவையாகத் தெரிகிறது. குடும்பத்தின் இடமும் அப்படியே. வேட்டை ஈக்களோடு அசிலாய்டியா என்ற பெரும் குடும்பத்தில் வைப்பது மரபு, அந்தக் கூட்டத்தில் முதலிலேயே பிரிந்த கிளை இது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. எனவே பதிவில் எந்தப் பட்டியலைப் பின்பற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

படி 10: பதிவு

ஓர் ஈக்குக் குறைந்தது நான்கு படங்கள் வேண்டும்: மேலிருந்து விரித்த சிறகு, தலையின் பக்கவாட்டு, முகம், கால்கள். அந்தரத்தில் நிற்கும் படம் அழகாக இருக்கும், ஆனால் சிறகு மங்கிவிடுவதால் நரம்பு தெரியாது. இளங்காலையிலோ மேகம் மூடிய நேரத்திலோ ஈ குளிர்ந்து அசையாமல் உட்காரும், சிறகுப் படம் அப்போதுதான் கிடைக்கும். தேதி, நேரம், மண் மணலா களியா, எந்தப் பூ, அருகில் எந்தத் தேனீயின் வளைகள், வயிற்றைச் சொடுக்கியதா, ஆணா பெண்ணா என்பவற்றை அங்கேயே எழுதிவிடுங்கள். ஈ எந்த வளையின்முன் நின்றதோ அந்த வளையிலிருந்து வெளியே வரும் தேனீயையும் ஒரு படம் எடுத்துவையுங்கள். பெரும்பாலான இனங்களுக்கு எதைச் சார்ந்து வாழ்கின்றன என்பதே இன்னும் பதிவாகவில்லை. அந்தத் தேனீயின் படம் ஈயின் படத்தைவிட அரிய தகவலாக இருக்கக்கூடும்.